சென்னையில் எத்தனை பேர் தெருவில் தூங்குகிறார்கள்? வீடற்றோர் பற்றிய நம் ஆய்வுகளின் நிலை

சென்னையில் எத்தனை பேர் தெருவில் தூங்குகிறார்கள்? கேட்பதற்குச் சின்னக் கேள்வி. பதில் தேடிப் போனால்தான் சிக்கல் தெரியும்.

1989-90ல் சென்னைப் பெருநகர வளர்ச்சிக் குழுமம் எடுக்கச் செய்த நடைபாதைவாசிகள் கணக்கில் 9,491 குடும்பங்கள், 40,763 பேர். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பு இதே சென்னையில் வீடற்றோர் என்று எண்ணியது 16 ஆயிரத்துச் சொச்சம் பேரை. இடையில் இருபது வருஷம். நகரம் பெருத்தது, வாடகை ஏறியது, ஆற்றங்கரைக் குடிசைகள் பல அகற்றப்பட்டன. தெருவில் இருப்பவர்கள் மட்டும் பாதிக்கும் கீழே குறைந்துவிட்டார்களா?

குறைந்திருக்கலாம். குறையாமலும் இருக்கலாம். இந்த இரண்டு எண்களையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அதைத் தீர்மானிக்க முடியாது. இரண்டும் வெவ்வேறு வரையறையில், வெவ்வேறு முறையில், வெவ்வேறு தேவைக்காக எடுக்கப்பட்டவை.

வீடற்றோர் பற்றி நம் பகுதியில் இருக்கும் ஆய்வுகள் எந்த நிலையில் இருக்கின்றன, எதை நம்பலாம், எது விடுபட்டிருக்கிறது என்று ஒரு கணக்குப் பார்ப்பதுதான் இந்தக் குறிப்பின் வேலை. முடிவை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். நம் விவாதம் முழுக்க "எத்தனை பேர்" என்பதிலேயே நின்றுவிட்டது. ஒருவர் தெருவுக்கு எப்படி வந்து சேர்கிறார், எவ்வளவு காலம் இருக்கிறார், எப்படி வெளியேறுகிறார் என்ற மூன்று கேள்விகளுக்கும் தமிழ்நாட்டு அளவில் உருப்படியான தரவு இல்லை. அது இல்லாததால், இன்னொரு ஊரைப் பார்த்துச் செய்த தீர்வை நம் ஊரில் பொருத்திக்கொண்டிருக்கிறோம்.

முதலில், யார் 'வீடற்றவர்'?

தமிழில் இந்தச் சொல்லே ஒரு குழப்பம். "எங்களுக்கு வீடு இல்லைங்க" என்று ஒருவர் சொன்னால் அவர் வாடகை வீட்டில் இருக்கலாம், பட்டா இல்லாத புறம்போக்குக் குடிசையில் இருக்கலாம், அண்ணன் வீட்டுத் திண்ணையில் ஒண்டியிருக்கலாம், பிளாட்பாரத்திலும் இருக்கலாம். அரசு வீட்டுத் திட்டங்களில் 'வீடற்றோர்' என்று வரும்போது பெரும்பாலும் சொந்தமாகக் கான்கிரீட் வீடு இல்லாதவர் என்றுதான் பொருள். தெருவில் படுப்பவர் அந்தப் பட்டியலுக்குள் வருவதே கஷ்டம். விண்ணப்பத்தில் முகவரி என்று ஒரு கட்டம் இருக்கும் இல்லையா, அங்கேயே அவர் நின்றுவிடுவார்.

மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் வரையறை இதைவிடக் குறுகியது. கட்டடமோ கூரையுள்ள 'கணக்கெடுப்பு வீடோ' இல்லாமல் சாலையோரம், நடைபாதை, பெரிய சிமெண்ட் குழாய், மேம்பாலத்தின் அடி, மாடிப்படியின் அடி, கோயில் மண்டபம், ரயில்வே பிளாட்பாரம் போன்ற திறந்த இடங்களில் வாழ்பவர்கள்தான் அதில் வீடற்றோர். நடைபாதையிலேயே தார்ப்பாய் கட்டி, நாலு பக்கமும் தகரம் அடித்து ஒரு குடும்பம் இருந்தால் என்ன செய்வது? ஒரு கணக்கெடுப்பாளர் அதை 'வீடு' என்று எழுதுவார், இன்னொருவர் 'வீடற்றோர்' என்று எழுதுவார். இருவரும் விதிப்படிதான் எழுதியிருப்பார்கள்.

ஐரோப்பாவில் வீடற்றோருக்காகப் பணியாற்றும் அமைப்புகளின் கூட்டமைப்பான பியன்ட்சா 2005ல் 'ஈதோஸ்' என்றொரு வகைப்பாட்டை வெளியிட்டது. கூரையே இல்லாதவர், விடுதி, காப்பகம் போன்ற தற்காலிக இடத்தில் இருப்பவர், எப்போது வேண்டுமானாலும் வெளியேற்றப்படலாம் என்ற நிலையில் இருப்பவர், மனிதர் வாழத் தகுதியில்லாத இடத்தில் இருப்பவர் என நான்கு பெரும் பிரிவுகள், அவற்றுக்குள் 13 வகைகள். இதை அப்படியே இங்கே கொண்டுவர முடியாது. கொண்டுவந்தால் சென்னை மக்கள்தொகையில் பெரும் பங்கு வீடற்றோர் பட்டியலில் வந்துவிடும். ஆனால் அதில் ஒரு நல்ல பாடம் இருக்கிறது: வரையறையைப் படிப்படியாக எழுதி வைத்துவிட்டால், எந்தப் படியைப் பற்றிப் பேசுகிறோம் என்று எல்லோருக்கும் தெரியும். பின்லாந்து 1987 முதல் ஆண்டுதோறும் எடுக்கும் கணக்கில், வேறு வழியில்லாமல் நண்பர், உறவினர் வீட்டில் தங்கியிருப்பவர்களும் உண்டு. 2023 இறுதியில் அங்கே மொத்தம் 3,429 பேர். அவர்களில் பெரும்பான்மையோர் இப்படி ஒண்டியிருப்பவர்கள்தான். நம் வரையறையில் அவர்கள் வீடற்றோரே கிடையாது.

ஒரே ஊர், அடுத்தடுத்த வருஷம், இரண்டு எண்

வரையறை ஒன்றாகவே இருந்தாலும் எண்ணும் முறை மாறினால் விடை மாறும். இதற்கு இந்தியாவில் நல்ல உதாரணம் டெல்லி. 2000ல் 'ஆஷ்ரய் அதிகார் அபியான்' என்ற அமைப்பு இரவில் தெருத்தெருவாகப் போய் எண்ணியது. 52,765 பேர். தாங்கள் எண்ணிய ஒவ்வொருவருக்கும் எண்ணாமல் விட்ட ஒருவராவது இருப்பார் என்றும் அது சொன்னது. அடுத்த வருஷமே வந்த 2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் டெல்லியின் வீடற்றோர் 24,966 பேர். பாதிகூட இல்லை.

யாரும் பொய் சொல்லவில்லை. மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் வீடற்றோரை எண்ணுவது ஒரே ஓர் இரவு வேலை. 2011ல் அது பிப்ரவரி 28 இரவு. பல நாளாக வீடு வீடாக அலைந்து களைத்த அதே கணக்கெடுப்பாளர்தான், கடைசி இரவில் தன் பகுதித் தெருக்களையும் சுற்றிவர வேண்டும். யார் எங்கே படுப்பார்கள் என்று அவருக்குத் தெரியாது. காய்கறி மார்க்கெட்டில் லோடு இறக்குபவர் இரவில் வேலை செய்வார், பகலில்தான் தூங்குவார். தனியாக இருக்கும் பெண்கள் இரவில் கண்ணில் படாத இடமாகத் தேடிப் போவார்கள். அதுதான் அவர்களுக்குப் பாதுகாப்பு. தமிழ்நாட்டில் 1945 முதல் பிச்சையெடுத்தல் தடுப்புச் சட்டம் இருக்கிறது. இரவில் நோட்டுப் புத்தகத்தோடு ஆள் வந்தால் "பிடிச்சிட்டுப் போக வந்திருக்காங்க" என்று நகர்ந்துவிடுவது இயல்புதானே?

இப்படி எத்தனை பேர் விடுபடுகிறார்கள் என்பதையே அளக்க முடியும். அமெரிக்காவில் 1990 மார்ச் 20-21 இரவில் வீடற்றோரை எண்ணியபோது, ஐந்து நகரங்களில் ஆய்வாளர்கள் தங்கள் ஆட்களையே தெருவில் உட்கார வைத்தார்கள். அவர்களில் எத்தனை பேரைக் கணக்கெடுப்பாளர் கண்டுபிடிக்கிறார் என்று பார்த்தால், உண்மையான வீடற்றோரில் எவ்வளவு பேர் விடுபட்டிருப்பார்கள் என்று கணிக்கலாம். செலவு அதிகமில்லாத, எளிய சோதனை. நம் நகரம் ஒன்றில் அடுத்த முறை இரவுக் கணக்கு எடுக்கும்போது, கல்லூரி மாணவர்கள் ஐம்பது பேரை வைத்தே இதைச் செய்துவிடலாம்.

இந்திய அளவில் பார்த்தால் 2001ல் 19.4 லட்சம் பேர், 2011ல் 17.7 லட்சம். "குறைந்துவிட்டது" என்று தலைப்பு போட வசதியான எண்கள். உள்ளே போனால் கதை வேறு. கிராமப்புறத்தில் 11.6 லட்சம் 8.3 லட்சமாகக் குறைந்தது, நகரங்களில் 7.8 லட்சம் 9.4 லட்சமாக ஏறியது. அந்த நகர்ப்புற எண்ணும்கூட மொத்த நகர மக்கள்தொகையில் கால் சதவீதம்தான். களத்தில் இருக்கும் அமைப்புகளோ ஒரு சதவீதமாவது இருக்கும் என்று நீண்டகாலமாகச் சொல்லிவருகின்றன. இரண்டுக்கும் நடுவே நான்கு மடங்கு இடைவெளி. இதையெல்லாம் புதுப்பித்திருக்க வேண்டிய 2021 கணக்கெடுப்பு நடக்கவில்லை. அடுத்ததற்கு 2027 மார்ச் 1 குறிப்பு நாளாக அறிவிக்கப்பட்டிருக்கிறது. அதாவது 2011ன் ஓர் இரவை வைத்துத்தான் இன்றைய திட்டங்களைப் போடுகிறோம்.

மாதிரிக் கணக்கெடுப்புகள் உதவாதா? தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின் விதிப்படி, பாலத்தடியிலோ சாலையோரத்திலோ ஏறக்குறைய ஒரே இடத்தில் தொடர்ந்து வாழும் குடும்பங்களைப் பட்டியலில் சேர்க்க வேண்டும். நிலையான இருப்பிடமே இல்லாதவர்களைச் சேர்க்கக் கூடாது. ஆக, அலைந்து திரிபவர் விதியாலேயே வெளியே. ஓரிடத்தில் இருப்பவர் உள்ளே வந்தாலும், தனியாக எதுவும் சொல்ல முடியாத அளவுக்கு அவர்கள் எண்ணிக்கை சிறியதாகிவிடுகிறது.

பத்துப் பாய்க் கணக்கு

சரி, விடுபடாமல் கச்சிதமாக எண்ணிவிட்டோம் என்றே வைத்துக்கொள்வோம். அப்போதும் ஓர் இரவுக் கணக்கு ஒரு விஷயத்தில் நம்மைத் திசைதிருப்பும்.

ஒரு காப்பகத்தில் பத்துப் பாய்கள். அவற்றில் ஐந்தில் வருஷம் முழுக்க அதே ஐந்து பேர் படுக்கிறார்கள். மற்ற ஐந்து பாய்களில் வாரத்துக்கு ஓர் ஆள் மாறுகிறார். எந்த இரவில் போய் எண்ணினாலும் பாதிப் பேர் நிரந்தரமாக இருப்பவர்கள். ஆனால் வருஷக் கணக்கு எடுத்தால்? மாறும் பாய்களில் 5 × 52 = 260 பேர், நிரந்தரமானவர்கள் 5 பேர். மொத்தம் 265. நிரந்தரமாக இருப்பவர்கள் இரண்டு சதவீதம்கூட இல்லை. ஓர் இரவில் பார்த்தவர் "இவங்க எல்லாம் இங்கேயே கிடக்கிறவங்க" என்பார். வருஷம் முழுக்கப் பார்த்தவர் "பெரும்பாலும் ஒரு நெருக்கடியில் வந்து, தாங்களே எழுந்து போய்விடுகிறார்கள்" என்பார். இருவர் சொல்வதும் சரி. ஆனால் இருவரும் கேட்கும் திட்டம் வேறு வேறாக இருக்கும்.

கற்பனைக் கணக்கு என்று நினைக்க வேண்டாம். நியூயார்க், பிலடெல்பியா நகரங்களின் காப்பகப் பதிவேடுகளை வைத்து ராண்டல் குன், டென்னிஸ் கல்ஹேன் இருவரும் 1998ல் வெளியிட்ட ஆய்வு ஏறக்குறைய இதைத்தான் காட்டியது. தனியாக வந்த பெரியவர்களில் சுமார் 80 சதவீதம் பேர் சிறிது காலம் தங்கிவிட்டுப் போய்விட்டார்கள். சுமார் 10 சதவீதம் பேர் நீண்டகாலம் தங்கினார்கள்; காப்பகத்தின் மொத்தப் படுக்கை நாட்களில் ஏறக்குறைய பாதியை அவர்களே பயன்படுத்தினார்கள். அந்தச் சிறு குழுவுக்கு நிரந்தர வீடே கொடுத்துவிடலாம் என்ற வாதத்துக்கு இந்த ஆய்வு பெரிய பலமாக அமைந்தது. இதற்காக அவர்கள் புதிதாக ஒரு கணக்கெடுப்பு நடத்தவில்லை. ஏற்கெனவே எழுதி வைத்த பதிவேட்டைத்தான் படித்தார்கள்.

நம் காப்பகங்களிலும் வருகைப் பதிவேடு இருக்கிறது. அதை இப்படிப் படிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. சென்னையில் அரசு மருத்துவமனை வளாகங்கள் சிலவற்றில், நோயாளியோடு வெளியூரிலிருந்து வந்தவர்கள் தங்குவதற்கான காப்பகங்களும் நகர்ப்புற வீடற்றோர் திட்டத்தின் கீழேயே இயங்குகின்றன. தேவையான வசதிதான், குறை சொல்ல ஒன்றுமில்லை. ஆனால் ஊரில் வீடு வைத்திருக்கும் ஒருவர் நான்கு இரவு தங்கிப் போவதும், தெருவிலிருந்து வந்த ஒருவர் நான்கு மாதம் தங்குவதும் ஒரே எண்ணிக்கையில் கூட்டப்பட்டால், 'பயனடைந்தோர்' என்ற எண் எதையும் சொல்லாது.

டெல்லிக்குத் தைத்த சட்டை

இப்போது முக்கியமான இடத்துக்கு வருகிறோம்.

இந்தியாவில் வீடற்றோருக்கான காப்பகங்கள் இன்று இருக்கும் வடிவத்துக்கு வந்தது உச்ச நீதிமன்றத்தின் மூலம். உணவு உரிமை வழக்கில் நீதிமன்றம் நியமித்த ஆணையர்கள், டெல்லியின் கடும் குளிரில் தெருவில் நிகழும் மரணங்களைப் பற்றி 2010 ஜனவரியில் எழுதினார்கள். அதைத் தொடர்ந்து வந்த உத்தரவுகள் மற்ற பெருநகரங்களுக்கும் விரிந்தன: ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு காப்பகம், ஒவ்வொன்றிலும் நூறு பேருக்கு இடம். 2013ல் வந்த தேசிய நகர்ப்புற வாழ்வாதார இயக்கம் இதே அளவை எடுத்துக்கொண்டு, ஆளுக்குக் குறைந்தது 50 சதுர அடி என்று சேர்த்தது. உயிர்களைக் காத்த உத்தரவுகள் இவை, சந்தேகமில்லை. ஆனால் அளவுகோலைக் கவனியுங்கள். காப்பகங்களின் எண்ணிக்கை நகரத்தின் மொத்த மக்கள்தொகையிலிருந்து வருகிறது. வீடற்றோர் எத்தனை பேர், அவர்கள் யார் என்பது இந்தக் கணக்குக்குள் வரவே இல்லை.

டெல்லியின் தெருக்களில் இருப்பவர்களில் பெரும்பான்மையோர் தனியாக வேலை தேடி வந்த ஆண்கள். அவர்களுக்குக் குளிர் இரவில் ஒரு கூரை, ஒரு கம்பளி என்பது சரியான முதல் உதவி.

சென்னை? கட்டுரையின் தொடக்கத்தில் சொன்ன 1989-90 எண்களை வகுத்துப் பாருங்கள். 40,763 பேர், 9,491 குடும்பங்கள். குடும்பத்துக்கு 4.3 பேர். அது குடும்பமாக வாழ்பவர்களின் எண். ஜார்ஜ் டவுனிலும் சென்ட்ரல் சுற்றுவட்டாரத்திலும் இரண்டு, மூன்று தலைமுறையாக ஒரே நடைபாதையில் இருக்கும் குடும்பங்கள் இன்றும் உண்டு. பாட்டி அங்கே பிறந்தவர், பேத்தி பக்கத்து மாநகராட்சிப் பள்ளியில் படிக்கிறாள். சிலரிடம் ரேஷன் கார்டு, வாக்காளர் அட்டை எல்லாம் இருக்கும். பூ கட்டுகிறார்கள், மீன்பாடி வண்டி ஓட்டுகிறார்கள், கடைகளுக்குத் தண்ணீர் சுமக்கிறார்கள். வேலை அந்தத் தெருவில்தான். இங்கே அவர்களை வாட்டுவது குளிர் கிடையாது. வடகிழக்குப் பருவமழையும் மே மாத வெயிலும்தான்.

இந்தக் குடும்பத்திடம் போய்க் காப்பகம் என்றால் என்ன நடக்கும்? ஆண்களுக்கு ஒன்று, பெண்களுக்கு ஒன்று, சிறுவர்களுக்கு ஒன்று, முதியோருக்கு ஒன்று என்று பெரும்பாலும் தனித்தனியாக இருக்கின்றன. அப்பா ஓரிடம், அம்மா ஓரிடம், பதினான்கு வயதுப் பையன் வேறிடம். சட்டி பானையும் அடுப்பும் எங்கே வைப்பது? "நாங்க ஒண்ணா இருக்கத்தானே சார் ரோட்டுல இருக்கோம்" என்று ஒரு தாய் கேட்டால் பதில் இல்லை. அவர்கள் வர மறுக்கிறார்கள். அதிகாரிகள் தரப்பில் அது "காப்பகம் இருந்தும் வர விருப்பமில்லை" என்று பதிவாகிறது. ஆய்வில் இருந்த ஓட்டை இப்போது மக்களின் குணமாக மாறிவிட்டது.

மாற்று வழியான மறுகுடியமர்விலும் இதே ஓட்டைதான். கண்ணகி நகர், செம்மஞ்சேரி, பெரும்பாக்கம் எல்லாம் பாரிமுனையிலிருந்து 20 கிலோமீட்டருக்கு மேல். வேலை இங்கே, வீடு அங்கே. வீடு கிடைத்தவர்களில் எத்தனை குடும்பம் ஐந்து வருஷம் கழித்தும் அங்கே இருக்கிறது, எத்தனை பேர் திரும்பி வந்தார்கள், ஏன் வந்தார்கள் என்பதற்குத் தொடர்ச்சியான பதிவு வேண்டும். கொத்தவால் சாவடி மொத்தச் சந்தை 1996ல் கோயம்பேட்டுக்கு மாறியதை எடுத்துக்கொள்ளுங்கள். அதை நம்பிப் பிழைத்த நடைபாதைக் குடும்பங்கள் கூடவே போனார்களா, வேறு வேலை பிடித்தார்களா? சந்தைக்கும் நடைபாதைக்கும் உள்ள உறவை இதைவிடத் தெளிவாகக் காட்டக்கூடிய நிகழ்வு கிடையாது. ஓர் இரவுக் கணக்கில் இது எதுவும் சிக்காது.

குடும்பங்களை விவரமாக எண்ணினால் என்ன கிடைக்கும் என்பதற்கு மும்பை முன்னுதாரணம். நடைபாதைவாசிகளை வெளியேற்றுவது தொடர்பான ஓல்கா டெல்லிஸ் வழக்கில் 1985 ஜூலையில் தீர்ப்பு வந்தது. வாழ்வாதாரம் உயிர்வாழும் உரிமையின் பகுதி என்று சொன்ன அதே தீர்ப்பு, முறைப்படி அறிவிப்பு கொடுத்து அகற்றலாம் என்றும் சொன்னது. அந்தச் சூழலில் 'ஸ்பார்க்' அமைப்பு நடைபாதைப் பெண்களோடு சேர்ந்து சுமார் 6,000 குடும்பங்களை எண்ணியது. எங்கிருந்து வந்தார்கள், எப்போது வந்தார்கள், என்ன வேலை, எவ்வளவு தூரம் நடக்கிறார்கள் என்றெல்லாம் கேட்டது. அந்த ஆவணம் பின்னாளில் வீட்டுரிமைப் பேச்சுவார்த்தையில் மக்களின் கையில் இருந்த ஆதாரமாகியது. யார் எண்ணுகிறார்கள் என்பதும் முக்கியம் என்று அதிலிருந்து தெரிகிறது.

சென்னையில் இன்னொரு தடையும் உண்டு. 1971 குடிசைப் பகுதிச் சட்டத்தின்படி அந்த ஆண்டு 1,202 பகுதிகளும், 1985ல் மேலும் 17 பகுதிகளும் அறிவிக்கப்பட்டன. அதற்குப் பிறகு ஒன்றுமில்லை. நடைபாதைக் குடும்பங்கள் குடிசைப் பகுதிக் கணக்குக்குள்ளும் வருவதில்லை, காப்பகத் திட்டத்துக்குள்ளும் பொருந்துவதில்லை. இரண்டு துறைகளுக்கு நடுவே உள்ள சந்தில் நிற்கிறார்கள். ஆய்வு நிதியும் பெரும்பாலும் இந்தத் துறைப் பிரிவுகளின் வழியேதான் போகிறது.

தேசிய அளவில் பணம் போகும் திசையையும் பாருங்கள். 2012ல் மத்திய அரசின் தொழில்நுட்பக் குழு நகர்ப்புற வீட்டுப் பற்றாக்குறையை 1.88 கோடி என்று கணக்கிட்டது. அதில் சுமார் 1.5 கோடி நெரிசலான வீடுகளில் வாழும் குடும்பங்கள். வீடே இல்லாத குடும்பங்கள் 5.3 லட்சம், மொத்தத்தில் மூன்று சதவீதத்துக்கும் குறைவு. எண் சிறியதாக இருந்தால் கவனமும் சிறியதாகிவிடும்.

நன்றாக ஆராயப்பட்ட ஒரு பகுதி

எல்லாமே பற்றாக்குறை என்று சொன்னால் நியாயமாகாது. ஒரு துறையில் சென்னை நாட்டுக்கே வழிகாட்டியிருக்கிறது: மனநோயும் தெரு வாழ்க்கையும். 1993ல் தொடங்கிய 'தி பேனியன்' அமைப்பு தெருவில் அலையும் மனநோயுள்ள பெண்களுக்குச் சிகிச்சை கொடுத்து, வீட்டோடு சேர்த்து வைத்தது. வீடு திரும்ப வழியில்லாதவர்கள் ஊருக்குள்ளேயே நாலைந்து பேராக ஒரு வீட்டில் வாழும் 'ஹோம் அகெய்ன்' முறையை வளர்த்து, அதன் பலனை அளந்தும் பார்த்திருக்கிறது. அவர் யார், எப்படித் தெருவுக்கு வந்தார், பிறகு என்ன ஆனார் என்று நான் மேலே கேட்ட கேள்விகள் எல்லாம் இங்கே கேட்கப்பட்டிருக்கின்றன. 2017 மனநலச் சட்டம் ஆதரவின்றி அலையும் மனநோயாளிகளைப் பாதுகாக்கும் கடமையைக் காவல் துறைக்குக் கொடுத்திருப்பதால், இந்த அறிவுக்கு நடைமுறைப் பயனும் இருக்கிறது.

இதில் ஓர் ஆபத்தும் உண்டு. ஒரு பகுதி மட்டும் நன்றாக ஆராயப்பட்டிருந்தால், அந்தப் பகுதியே முழுப் படம் என்று தோன்றிவிடும். தெருவில் இருப்பவர் என்றால் மனநிலை சரியில்லாதவர் என்று பொதுப்புத்தியில் ஏற்கெனவே ஒரு நினைப்பு. நாள் முழுக்க மூட்டை தூக்கிவிட்டு, பெண்டாட்டி பிள்ளைகளோடு கடை வாசலில் படுப்பவரைப் பற்றி அதே தரத்தில் ஆய்வுகள் வந்தால்தான் இது சமநிலைக்கு வரும்.

சென்னைக்கு வெளியே போனால் நிலைமை இன்னும் மெலிவு. ராமேஸ்வரம், திருவண்ணாமலை, பழனி போன்ற கோயில் ஊர்களில் அன்னதானத்தை நம்பி வாழும் முதியவர்கள் எங்கிருந்து வந்தவர்கள்? தாங்களே வந்தார்களா, கொண்டுவந்து விடப்பட்டார்களா? பெருநகர அளவுகோலில் இந்த ஊர்கள் சிறியவை, அதனால் காப்பகக் கணக்கிலும் பின்னால்தான் வரும். முதியோர் கைவிடப்படுவது பற்றிப் பேச வேண்டிய முதல் இடம் இவைதான்.

புதிதாகப் பணம் தேவைப்படாத மூன்று வேலைகள்

ஒன்று, காப்பகப் பதிவேடுகள். மருத்துவமனை உடனிருப்போரைத் தனியாகப் பிரித்து, மற்றவர்களின் வருகையையும் போவதையும் பெயர் வெளிவராமல் வருஷக் கணக்காகத் தொகுத்தாலே பத்துப் பாய்க் கணக்குக்கு உண்மையான விடை கிடைக்கும்.

இரண்டு, வாக்காளர் பட்டியல். வீடற்ற ஒருவர் பெயர் சேர்க்க விண்ணப்பித்தால் முகவரிச் சான்று கேட்கக் கூடாது. வாக்குச்சாவடி நிலை அலுவலர் ஒன்றுக்கு மேற்பட்ட இரவுகள் அங்கே போய், அவர் அந்த இடத்தில்தான் தூங்குகிறாரா என்று பார்க்க வேண்டும் என்பது தேர்தல் ஆணையத்தின் நடைமுறை. ஆக, ஒரு மனிதர் இந்த நடைபாதையில் வசிக்கிறார் என்பதை அரசே இரவில் போய் உறுதிசெய்யும் வழி நம்மிடம் ஏற்கெனவே இருக்கிறது. அதே நடைமுறையை வீட்டுத் திட்டத்தின் முகவரிக் கட்டத்துக்கும் ஏன் ஏற்கக் கூடாது?

மூன்று, மரணங்கள். பிரிட்டனின் தேசியப் புள்ளியியல் அலுவலகம் இங்கிலாந்து, வேல்ஸ் பகுதிகளில் 2018ல் வீடற்றோர் 726 பேர் இறந்ததாக மதிப்பிட்டது. சராசரி வயது ஆண்களுக்கு 45, பெண்களுக்கு 43. பொதுமக்களில் அது 76, 81. இறப்புப் பதிவுகளைத் துழாவித்தான் இதைக் கண்டுபிடித்தார்கள். நம் ஊரில் "அடையாளம் தெரியாத ஆண் சடலம், வயது சுமார் 50" என்று காவல் நிலையப் பதிவிலும் பிணவறைப் பதிவிலும் எழுதப்படுபவர்களில் எத்தனை பேர் தெருவில் வாழ்ந்தவர்கள்? எந்த மாதத்தில் அதிகம், மழையிலா வெயிலிலா? காப்பகத்தை எப்போது, எங்கே திறக்க வேண்டும் என்பதற்கு இதைவிட நேரடியான தரவு வேறில்லை.

அடுத்த கணக்கெடுப்பு முடிந்ததும் வீடற்றோர் பற்றிய புதிய எண் ஒன்று செய்தியில் வரும். கூடியது என்றோ குறைந்தது என்றோ தலைப்பு இருக்கும். அப்போது நான்கு விஷயங்களைத் தேடிப் பாருங்கள்: தார்ப்பாய் கட்டியவர்கள் எந்தப் பக்கம் சேர்க்கப்பட்டார்கள், எத்தனை இரவு எண்ணினார்கள், விடுபட்டவர்களை மதிப்பிட்டார்களா, குடும்பங்கள் எத்தனை தனியாட்கள் எத்தனை என்று பிரித்திருக்கிறார்களா. நான்காவதை மட்டும் எப்படியாவது கண்டுபிடித்துவிடுங்கள். என்.எஸ்.சி. போஸ் சாலையில் நான்கு பேராக வாழும் ஒரு குடும்பத்துக்குக் கிடைக்கப்போவது ஒரு வீடா, நான்கு கட்டடங்களில் நான்கு படுக்கைகளா என்பது அந்த ஒரு பிரிவில்தான் இருக்கிறது.